மளிகைச் சிட்டையைக் கடைகடையாக ஒப்பிட்டுக் காசு மிச்சம் பிடிப்பது எப்படி: காரைக்குடிச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

‘எந்தக் கடை மலிவு?’ என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. பருப்பு மலிவாக இருக்கும் கடையில் மிளகாய் விலை கூடுதலாக இருக்கும். எண்ணெயில் ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுப்பவர் சோம்பில் அதை எடுத்துக்கொள்வார். கேட்க வேண்டிய கேள்வி, ‘என் வீட்டுச் சிட்டைக்கு, அதாவது மாதச் சாமான் பட்டியலுக்கு, எந்தச் சரக்கை எங்கே வாங்கினால் கட்டும்?’ என்பதுதான்.

செட்டிநாட்டுச் சமையலறையில் இன்னொரு சிக்கல் உண்டு. மிளகாய், மல்லி, புளி, கல்பாசி, அரிசி என்று செலவைத் தின்னும் பொருள்களில் பாதி, மூட்டையிலிருந்து நிறுத்து வாங்குபவை. அவற்றில் ரகம் கடைக்குக் கடை மாறும். விலைப் பலகையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தவறும். காம்பும் கொட்டையும் கல்லும் போக சட்டியில் விழும் எடைக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சிட்டையை எழுதுங்கள்

ஒரு மாதத்துக்கு வீட்டில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டாம். பில் வைத்துப் பார்த்தால் வாங்கிய அளவுதான் தெரியும், தீர்ந்த அளவு தெரியாது. மாதம் முதல் தேதி டப்பாக்களில் இருப்பதை நிறுத்து எழுதுங்கள், அந்த மாதம் வாங்கியதைக் கூட்டுங்கள், கடைசி நாள் மிச்சத்தைக் கழியுங்கள். ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று போதும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ இப்படி வரலாம்: புழுங்கல் அரிசி 20 கிலோ, இட்லி அரிசி 6 கிலோ, உளுந்து 2 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், மிளகாய் அரைக் கிலோ, மல்லி முக்கால் கிலோ, புளி 1 கிலோ, சின்ன வெங்காயம் 4 கிலோ, பூண்டு முக்கால் கிலோ, சீரகம் 150 கிராம், சோம்பும் மிளகும் நூறு நூறு கிராம். ஆடியில் கும்மாயம், கார்த்திகையில் பணியாரம், விருந்தாள் வரும் வாரம் என்று கூடும் செலவைத் தனித் தாளில் எழுதுங்கள். மாதக் கணக்கோடு கலந்தால் குழப்பும்.

இந்தச் சிட்டையில் பணம் அதிகம் போகும் பத்துப் பன்னிரண்டு பொருளை மட்டும் ஒப்பிட்டால் போதும். உப்புக்கும் கடுகுக்கும் நான்கு கடை ஏறினால் வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் படி: ரேஷனில் வருவதைக் கழியுங்கள்

அரிசி அட்டைதாரர்களுக்குத் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அதோடு துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு ஒவ்வொன்று வருகிறது. சர்க்கரை கிலோ 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. வெளிக் கடையில் பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்து வாங்க அலைவதைவிட, ரேஷன் பருப்பை மாதம் தவறாமல் வாங்குவது பல மடங்கு லாபம்.

ரேஷன் அரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கலை இட்லி மாவில் பாதிக்குப் பாதி கலக்கலாம். பச்சரிசி வந்தால் இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் ஆகும். அப்படியும் பயன்படாத அரிசியைச் சிட்டையில் வரவாகக் காட்ட வேண்டாம், அது மூலையில் வண்டு பிடிக்கத்தான் போகிறது.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு கடையில் 500 கிராம் பாக்கெட், இன்னொன்றில் 450 கிராம், மூன்றாவதில் மூட்டையிலிருந்து கிலோ. எல்லாவற்றையும் கிலோ விலையாக மாற்றுங்கள்: விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 450 கிராம் 81 ரூபாய் என்றால் கிலோ 180. 500 கிராம் 88 ரூபாய் என்றால் கிலோ 176. முதல் பாக்கெட் கையில் கொடுக்கும் காசுக்கு மலிவு, கணக்குக்கு விலை அதிகம்.

பொட்டலங்களில் இப்போது அலகு விலையும் அச்சிட வேண்டும் என்பது விதி. அதில் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கும், அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கும் போட்டிருப்பார்கள். ‘0.18’ என்று பார்த்ததும் ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பொட்டலங்களுக்கு இருந்த நிலையான அளவுக் கட்டாயமும் போய்விட்டது. அதனால் 850 கிராம், 870 கிராம் என்றெல்லாம் வருகிறது. பார்வைக்குப் பழைய பாக்கெட் மாதிரியே இருக்கும்.

எண்ணெயில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். செக்கில் சிலர் கிலோவுக்கும் சிலர் லிட்டருக்கும் விலை சொல்வார்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். ஆகவே லிட்டர் விலையை 0.91 ஆல் வகுத்தால் கிலோ விலை. ஒரு செக்கில் நல்லெண்ணெய் லிட்டர் 380, மற்றதில் கிலோ 400 என்றால், முதலாவது மலிவாகத் தெரியும். கணக்குப் போட்டால் அது கிலோ 417 ரூபாய்க்கு மேல். கடைகளில் தொங்கும் எண்ணெய்ப் பைகளிலும் இதே சங்கதி: ஒரு லிட்டர் பை என்று நினைத்து எடுப்பது 800 அல்லது 850 கிராம் பையாக இருக்கலாம். முன்பக்க எழுத்தை விட்டுவிட்டு நிகர அளவைப் படியுங்கள்.

அரிசி மூட்டையில் 25 கிலோவும் 26 கிலோவும் ஏன் வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் வரி இல்லை. அதனால்தான் ஒரு கிலோ கூட்டி 26. மூட்டையைப் பிரித்து உங்கள் கண்ணெதிரே நிறுத்துத் தரும் அரிசிக்கும் இந்த வரி கிடையாது. மூட்டை விலையை மூட்டையோடு ஒப்பிடாமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள்.

சந்தையில் கூறு கட்டி விற்பதும், சிற்றூர்களில் படி போட்டு அளப்பதும் இன்னும் இருக்கிறது. படி என்பது கொள்ளளவு. உளுந்து ஒரு படியும் அரிசி ஒரு படியும் ஒரே எடை வராது, குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் ஒன்றல்ல. அந்தக் கடைக்காரரின் படியில் ஒரு முறை வாங்கி வீட்டில் நிறுத்து எழுதிவிட்டால் பிறகு கவலை இல்லை.

நான்காம் படி: சட்டியில் விழும் எடையைக் கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான். ஒவ்வொரு கடையிலும் கால் கிலோ அல்லது அரைக் கிலோ வாங்கி, வேண்டாததை நீக்கி, மிஞ்சியதை நிறுங்கள். விலையை மிஞ்சிய பங்கால் வகுத்தால் உண்மை விலை.

புளியில் தொடங்கலாம். கொட்டைப்புளி கிலோ 90, கொட்டை எடுத்தது கிலோ 140. அரைக் கிலோ கொட்டைப்புளியில் கொட்டையும் நாரும் போக 300 கிராம் தேறியது என்றால் பங்கு 0.6, உண்மை விலை 150. கொட்டை எடுத்ததே மலிவு, கை நோவும் மிச்சம். ஆனால் கொட்டை எடுத்த புளியிலும் நாரும் ஓடும் விட்டு எடை ஏற்றியிருப்பார்கள், ஈரமும் இருக்கும். உள்ளங்கையில் ஓர் உருண்டை பிடித்துப் பாருங்கள். கையில் பிசுபிசுவென்று நீர் கசிந்தால் எடையில் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

மிளகாயில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலில் ரகம்: குண்டு மிளகாயைக் குண்டோடும் நீட்டு மிளகாயை நீட்டோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். நம் பக்கத்துக்கு வரும் குண்டு ரகமான ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த தோலும் மினுமினுப்பும் அதன் அடையாளம். காரம் வேறு, மணம் வேறு என்பதால் ஒரே குழம்புக்கு வேண்டிய எண்ணிக்கையும் வேறாகும். இரண்டாவது காம்பு: 250 கிராமில் காம்பு கிள்ளியபின் 232 கிராம் இருந்தால், கிலோ 220 ரூபாய் மிளகாயின் உண்மை விலை 237. காம்பு கிள்ளியது 230-க்குக் கிடைத்தால் அதுவே மேல், ஆனால் மாதச் செலவுக்கு மட்டும். வருடத்துக்கு அடைத்து வைக்கக் காம்போடு வாங்குவதே நல்லது, விதை உதிராது. மூன்றாவது ஈரம்: வாங்கியதில் அரைக் கிலோவை ஒரு நாள் வெயிலில் போட்டு மாலையில் நிறுங்கள். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சத்தமே வராத மிளகாய் காயாதது, அதை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அரிசியில் பழையதும் புதியதும் ஒன்றல்ல. பழைய அரிசி விலை கூடுதல், ஆனால் தண்ணீர் அதிகம் இழுத்து உபரியாக வரும். இரண்டிலும் 200 கிராம் எடுத்து, ஒரே பாத்திரத்தில் தனித்தனியாகப் பதம் வரும்வரை வடித்து, சோற்றை நிறுத்துப் பாருங்கள். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடுதலான பழைய அரிசி பல நேரம் சோற்றுக் கணக்கில் மலிவாக முடியும். கவுனி அரிசிக்கு இந்தச் சோதனையோடு வேகும் நேரத்தையும் குறியுங்கள். இரவு முழுக்க ஊறினால் கேஸ் மிச்சமாகும். சுற்றுலாக்காரர்களுக்காக அழகான பையில் வைத்திருக்கும் கவுனியை வீட்டுச் செலவுக்கு வாங்க வேண்டியதில்லை. அரிசிக் கடையில் மூட்டையிலிருந்து கேளுங்கள்.

பருப்பில் குக்கரில் குழைய எத்தனை விசில் என்று பாருங்கள், மூன்றுக்கும் ஆறுக்கும் எரிவாயுவில் வித்தியாசம் உண்டு. தேங்காயைக் காய்க் கணக்கில் ஒரு கடையும் எடைக் கணக்கில் ஒரு கடையும் விற்றால், ஒவ்வொன்றில் ஒன்றை உடைத்துப் பருப்பை மட்டும் நிறுங்கள். உரித்த பூண்டு, உரித்த வெங்காயம் பற்றிப் பேசவே வேண்டாம், அது சோம்பலுக்கான விலை. தொண்டியிலிருந்து வரும் மீனில் ‘முழு எடையா, வெட்டிய எடையா?’ என்று முதலிலேயே கேளுங்கள். தலையும் குடலும் போனபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மீனுக்கு மீன் மாறும்.

கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ: இவை எடையே இல்லாத பொருள்கள். பத்துக் கிராம் பாக்கெட் 20 ரூபாய் என்றால் மலிவு போலத் தோன்றும், கிலோ 2,000 ரூபாய். நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் 50 ரூபாய்க்குக் கிடைத்தால் கிலோ 1,000, பாதி விலை. ஆனால் கல்பாசி மாதக்கணக்கில் கிடந்தால் மணம் போய்விடும். ஐம்பது கிராம் வாங்கி அக்கா தங்கை வீட்டோடு பங்கிடுவதே சரி. வாங்கும்போது குச்சியும் மரப்பட்டையும் கலந்திருக்கிறதா என்று காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். மிளகில் பப்பாளி விதை சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும்.

ஐந்தாம் படி: கடைகளைத் தேர்ந்து விலை கேளுங்கள்

நான்கு கடைக்கு மேல் வேண்டாம். ஒரு தெருமுனை மளிகை, டவுனில் ஒரு மொத்தக் கடை, ஒரு சூப்பர் மார்க்கெட், காய்கறிக்கு உழவர் சந்தை அல்லது வாரச்சந்தை. நான்கிலும் இரண்டு மூன்று நாளுக்குள் விலை எடுத்து முடியுங்கள். திங்கட்கிழமை விலையையும் அடுத்த வாரத்து விலையையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது கடைகளை அல்ல, நாள்களை.

கூட்டம் இல்லாத பிற்பகல் நேரத்தில் போங்கள். ‘அண்ணே, மாசச் சாமான் சிட்டை இது, இன்னைக்கு ரேட் போட்டுக் கொடுங்க’ என்று தாளை நீட்டினால் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள். கால் கிலோ விலை, கிலோ விலை, ஐந்து கிலோ விலை மூன்றையும் கேளுங்கள். மொத்தக் கடையில் விலை இறங்குவது எந்த அளவில் என்று தெரிந்தால்தான் பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கலாமா என்று முடிவெடுக்க முடியும். ரகத்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். ‘துவரம் பருப்பு’ என்று மட்டும் எழுதினால் ஒரு கடை முதல் ரகத்துக்கும் மற்றொன்று உடைசலுக்கும் விலை போட்டுவிடும்.

உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம். விவசாயிகளே கொண்டுவந்து விற்பதால் காலையில் சீக்கிரம் போனால் சரக்கு நன்றாக இருக்கும், விலையும் பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பலகை விலையைக் குறித்துக்கொண்டு போனால் வேறு காய்கறிக் கடையில் பேரம் பேசவும் உதவும். வாரச்சந்தையில் முடியும் நேரத்தில் விலை இறங்கும், ஆனால் கத்திரியும் தக்காளியும் கழிசல்தான் மிஞ்சும். அன்றே சமைப்பதாக இருந்தால் மட்டும் அந்த நேரத்துக்குப் போங்கள்.

ஆறாம் படி: பேரேட்டில் ஏற்றுங்கள், வழிச்செலவைக் கழியுங்கள்

வட்டிக்கடைப் பேரேடும் (கணக்குப் புத்தகம்) ஐந்தொகையும் (இருப்பு நிலைக் கணக்கு) பழகிய மண்ணில் கணக்கு நோட்டு போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொருளுக்கு ஒரு வரி. மாத அளவு, கடைக்கொரு கட்டம், உண்மை விலை. ஐந்து பொருளை வைத்து ஒரு கணக்கு (தெருமுனை, மொத்தக் கடை, சூப்பர் மார்க்கெட் என்ற வரிசையில், கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு ரூபாய்):

இட்லி அரிசி 6 கிலோ: 48, 44, 46
துவரம் பருப்பு 2 கிலோ: 160, 150, 142
கடலை எண்ணெய் 2 லிட்டர்: 240, 250, 225
குண்டு மிளகாய் அரைக் கிலோ: கிலோ விலை 260, 220, 280
சின்ன வெங்காயம் 4 கிலோ: 60, 45, 55

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் தெருமுனையில் 1,458, மொத்தக் கடையில் 1,354, சூப்பர் மார்க்கெட்டில் 1,370. பருப்பையும் எண்ணெயையும் சூப்பர் மார்க்கெட்டிலும் மற்றதை மொத்தக் கடையிலும் வாங்கினால் 1,288. ஆக, மொத்தக் கடையில் மட்டும் வாங்குவதைவிட 66 ரூபாய் மிச்சம்.

இப்போது வழிச்செலவு. அந்த இரண்டாவது கடைக்கு என்றே தனியாகப் போகவர 24 கிலோமீட்டர் வண்டி ஓட்டினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல், 54 ரூபாய். மிஞ்சுவது 12 ரூபாய். இந்தப் பன்னிரண்டு ரூபாய்க்குப் பாதி நாளைக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ டவுனுக்குப் போகும் நாளோடு சேர்த்தால் 66-ம் உங்களுடையது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்திலிருந்து அப்படி ஒரு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. கையில் தூக்க முடிந்த எடைதான் எல்லை. அதற்குக் கிலோவுக்கு அதிக மிச்சம் தரும் பொருளை, அதாவது மிளகாய், மிளகு, பருப்பை டவுனிலும், கனமான அரிசியை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் உள்ளூர்க் கடையிலும் வாங்குங்கள்.

ஏழாம் படி: வருடச் சாமான் வாங்குவது லாபமா?

தை முதல் பங்குனி வரை புது மிளகாய், மல்லி, புளி வரும். விலை இறங்கும் காலம் அதுதான். அப்போது உக்கிராணத்தை, அதாவது சாமான் அறையை, நிரப்புவது பழைய வழக்கம். ஆனால் இப்போது வீட்டில் நான்கு பேர், பெரிய பரணியும் வெயில் முற்றமும் எல்லோரிடமும் இல்லை. கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

புளி 10 கிலோ, கிலோ 120 வீதம் 1,200 ரூபாய். பின்னாளில் 150 ஆகும் என்றால் 300 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஒரு கிலோ கெட்டால் 150 போச்சு. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வைத்தால், வருடம் முழுக்கச் சராசரியாகப் பாதிச் சரக்கில்தான் பணம் முடங்கியிருக்கும், அதற்கு 72. மிஞ்சுவது 78. கெடாமல் காத்தால் 228. காக்கும் வேலைதான் லாபம்: கொட்டை எடுத்து இரண்டு வெயில் காட்டி, கல் உப்பு தூவி அடுக்கடுக்காகப் பானையில் அழுத்தி வாயைத் துணியால் கட்டுங்கள். மிளகாயும் மல்லியும் நன்றாகக் காய்ந்து சூடு ஆறியபின் டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை வெயில் காட்டாவிட்டால் கார்த்திகையில் பூஞ்சை நிச்சயம். பருப்பு, உளுந்து இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம். சோம்பு, சீரகம் பொடித்து வைக்கவே கூடாது.

கணக்கைக் கவிழ்க்கும் விஷயங்கள்

‘எம்.ஆர்.பி-யில் 30 சதவீதம் தள்ளுபடி’ என்ற அட்டை. பல பொருள்களின் அச்சு விலை அடக்க விலையைவிட வெகு தூரம் மேலே இருக்கும். தள்ளுபடி எவ்வளவு என்பதைப் பார்க்காமல், கடைசியில் கிலோ என்ன விழுகிறது என்று பாருங்கள். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் மூன்றின் மொத்த எடையால் வகுங்கள். அதோடு காலாவதித் தேதிக்குள் மூன்றும் தீருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெயில் மிச்சம் பிடித்த 50 ரூபாய், கல்லா பக்கத்தில் பிள்ளை எடுக்கும் சாக்லேட்டில் போய்விடும். சிட்டையில் இல்லாததை பில்லில் வட்டம் போட்டுத் தனியாகக் கூட்டுங்கள். மூன்று மாதம் கூட்டினால் அந்தக் கடை உங்களுக்கு மலிவா என்பது தெரிந்துவிடும்.

பற்றில், அதாவது கடனுக்கு, வாங்குபவர்கள் அந்தக் கடையின் ரொக்க விலையையும் கேளுங்கள். வித்தியாசம் சிறிதென்றால் பற்றை விட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது, வண்டு பிடித்த பருப்பை மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவது, திடீரென்று விருந்தாள் வந்தால் போனில் சொன்னதும் அனுப்புவது எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. தெருமுனைக் கடையை அடியோடு விட்டுவிடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பது எங்கள் கருத்து.

எடைக் குறைவு: தராசில் பொருள் வைக்கும் முன் எண் பூஜ்யமா என்று பாருங்கள். பாத்திரமோ பையோ வைத்து நிறுத்தால் அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு முறை முத்திரை போட வேண்டும், அந்தச் சான்று கடையில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நிகர எடை தெரிந்த, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அதே தராசில் வைத்துப் பாருங்கள். கவரின் எடையும் சேர்வதால் கிலோவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். அச்சு விலைக்கு மேல் வாங்கினாலும், எடை குறைந்தாலும் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பில் வாங்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த வழி அடைபடும்.

ஒருமுறை போட்ட பேரேடு வருடம் முழுக்கச் செல்லாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று வைத்துக்கொண்டு, முதல் பத்துப் பொருளின் விலையை மட்டும் மறுபடி எடுங்கள். காம்பு, கொட்டை கழித்த பங்கை ஒவ்வொரு முறையும் நிறுக்க வேண்டியதில்லை. கடை மாறினாலோ புது அறுவடை வந்தாலோ மட்டும் போதும்.